இரு கதவிலும் முன்னால் சாய்ந்த எழுத்து

லோரி முதலாளி இருந்தார். அவர் மனைவி, கையில் பூஜைத் தட்டோடு. டிரைவர். கோயிலிலிருந்து வந்த பூசாரி. பிறகு நான், பெயிண்ட் தின்னர் வாசத்தோடு. இடம் துறைமுக ஊரான கிள்ளான், முதலாளி லோரிகளை நிறுத்தும் யார்டு. எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை காலை.

லோரி புதுசு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. கதவில் எழுத்து என்னுடையது.

அதற்கு முன் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு எழுத்து அச்சடித்தேன். ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். தெரிந்த வேலை எழுத்து ஒன்றுதான். பிரஷ் வாங்கினேன். பொம்பளை லோரிக்கு எழுதுவதா என்று இரண்டு யார்டில் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. ஒரு லோரி எழுது, நன்றாக வந்தால் மற்றதும் உனக்கு என்றார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

கம்பெனி பெயர் மலாய் மொழியில், ஆங்கில எழுத்தில், நீளம். கதவோ சின்னது. எழுத்தை ஒல்லியாக்கினால்தான் அடங்கும். ஒல்லியானால் தூரத்தில் தெரியாது. அதனால் கோட்டைத் தடிக்க வைத்தேன். ரொம்பத் தடித்தால் ‘ஏ’ எழுத்தின் நடு ஓட்டை அடைபட்டுப்போகும், அதையும் பார்க்க வேண்டும். எழுத்துக்கு வால், கொண்டை என்று அலங்காரம் ஒன்றும் கிடையாது. வலப்பக்கம் சாய்த்தேன். நிற்கிற லோரியும் ஓடுகிற மாதிரி இருக்கும்.

டிரைவர் பக்கக் கதவைப் பார்த்து முதலாளி தலையாட்டினார். பூசாரி சூடத்தை எடுத்தார். மனைவி லோரியைச் சுற்றி இடப்பக்கம் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கம் எழுத்து பின்னால சாயுதே. லோரி ரிவர்ஸ் போற மாதிரி இருக்கு."

"அப்ப போர்ட் வரைக்கும் ரிவர்ஸ்லயே போறேன் லா, அக்கா," என்றார் டிரைவர்.

முதலாளி மனைவி சிரிக்கவில்லை. முதல் ஓட்டமே பின்னால் போனால் தொழிலும் அப்படித்தான் போகும், மாற்றாமல் சூடம் காட்டக்கூடாது என்றார்.

எழுத்து வலப்பக்கம்தான் சாயும், எங்கேயும் அப்படித்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். போய்ப் பார்த்தேன். லோரியின் மூக்கு இடப்பக்கம் இருந்தது, எழுத்து வால் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் சொன்னது சரி.

"முன்னால எழுதுன பழைய ஆளயே கூப்பிடவா?" என்றார் முதலாளி.

"வேணாம்ண்ணே. பூசாரிய டீ குடிக்கச் சொல்லுங்க. மாத்தித் தரேன்."

பெயிண்ட் காயவில்லை. தின்னர் துணியால் முழுக்கத் துடைத்தேன். எழுத்தை வெட்டி வைத்த அச்சுத் தாளைத் திருப்பிப் போட முடியாது, கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத்தே மாறிப் போகும். பென்சிலால் புதிதாக வரைந்தேன். இடப்பக்கம் சாய்க்கக் கை பழகவில்லை. ‘எஸ்’ மட்டும் குடித்தவன் மாதிரி விழப் பார்த்தது. துடைத்தேன், வரைந்தேன், திரும்பத் துடைத்தேன். வெயில் ஏறியது. பூசாரி இன்னொரு டீ கேட்டார். கடைசியில் சாய்வைப் பாதியாகக் குறைத்தேன். ‘எஸ்’ நின்றது. மற்ற எழுத்துகளையும் அதே அளவுக்கு நிறுத்தினேன். வலப்பக்கக் கதவைவிடச் சாய்வு கம்மிதான். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் முடியாது.

மனைவி இரண்டு பக்கமும் போய் வந்தார். தட்டைப் பூசாரியிடம் கொடுத்தார்.

லோரி பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற லோரிகள் யார்டில் நிற்கும், வந்து எழுது என்றார் முதலாளி. எத்தனை லோரி என்று கேட்டேன்.

பதினான்கு.