ஈரப்பெட்டியில் வந்த மூச்சு

எனக்கு அருவருப்பு என்பதே கிடையாது. இருபத்தாறு வருஷமாக அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கு ஓரத்தில் வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மாட்டுகிறேன். காற்றுக்குழாய்க்குள் செத்து உலர்ந்துபோன எலிகளை வெறுங்கையால் எடுத்திருக்கிறேன். ஒரு தடவை பூனை. கையைக் கழுவிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஹாக்டால் வீட்டு வாசலில், பனியில் மண்டியிட்டுக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். நான் கதை விடுவதாக நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கு வேலைச்சீட்டில் குறித்த நேரங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஜனவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை. பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே. பிற்பகல் 2:20-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

பழைய பண்ணை வீடு. பிரிட்டா ஹாக்டாலும் அவள் கணவனும் அதை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணவன் டகோடாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான், மாதம் ஒருமுறை வருவான். வீட்டில் அவளும் நாலு வயது மகள் சிக்ரிட்டும் மட்டும். ஃபர்னஸ் ஓட ஓட வீட்டுக் காற்று வறண்டுபோய், அந்தக் குழந்தைக்குத் தினமும் மூக்கில் ரத்தம். போன வாரம் அது நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். வீட்டுக் காற்றில் ஈரம் ஏறாவிட்டால் மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்காகத்தான் ஈரப்பெட்டி வாங்கியிருந்தாள். ஃபர்னஸ் காற்றில் ஈரத்தைக் கலந்து வீடு முழுவதும் அனுப்புகிற பெட்டி.

"இன்னைக்கே முடிஞ்சிருமா ரோலண்ட்? இன்னொரு ராத்திரி என்னால தாங்க முடியாது."

"இருட்டுறதுக்குள்ள ஓட விட்டுர்றேன். கவலைப்படாதீங்க."

"மொதல்ல ஒரு காபி?"

"ஐயோ, வேண்டாங்க."

மூன்று தடவை மறுத்துவிட்டு நாலாவது தடவை வாங்கிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அப்படியே செய்தேன். காபியோடு இரண்டு பேரீச்சம்பழத் துண்டும் தின்றேன். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு, தரைக்குக் கீழே ஃபர்னஸ் இருக்கும் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். எவ்வளவு அழுக்கு வேலையாக இருந்தாலும் பூட்ஸோடு அடுத்தவர் வீட்டுக்குள் நடக்க எங்கள் ஆட்களுக்குக் கால் வராது.

ஒயரிங் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஃபர்னஸ் போர்டிலிருந்து இரண்டு ஒயர். நடுவில் ஈரத்தை அளக்கும் மீட்டர். ஃபர்னஸ் காற்றை ஊதும்போது மட்டும் 24 வோல்ட் போய், பெட்டியின் வால்வு 'டக்' என்று திறக்கும். மேலிருந்து தண்ணீர் சல்லடை அட்டையில் இறங்கும். காற்று அந்த அட்டை வழியாகப் புகுந்து ஈரமாகி மேலே போகும். மிச்சத் தண்ணீர் ட்யூப் வழியாகத் தரைச் சாக்கடைக்கு.

ஒயரிங்கில் நான் தப்பு செய்யவில்லை. தண்ணீர்க் குழாயில்தான் செய்தேன். எங்கள் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் முழுவதும் குழாய்கள் பின்னிக்கிடக்கும். எது எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். குளிர்காலத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே. நானும் ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே ஓடிய பழைய இரும்புக் குழாயில் துளை போட்டேன். தண்ணீர் பீறிட்டது. சரிதான் என்று வால்வை மாட்டிவிட்டேன்.

3:52. ஃபர்னஸ் ஊதத் தொடங்கியது. டக். தண்ணீர் இறங்கியது. "ஓடுதுங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

4:05. சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காலுறை நனைந்தது.

சாக்கடை அடைத்துத் தரையில் தண்ணீர் பரவியிருந்தது. ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ என் கால்விரலை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. சீ! இப்போது எழுதும்போதும் கால் கூசுகிறது.

சாக்கடைச் சல்லடையைத் தூக்கினேன். கையில் வழவழவென்று ஏதோ வந்தது. இழுத்தேன். மயிர். பழுப்பு நிறத்தில், நீளமாக... இழுக்க இழுக்க வந்தது. பாதி சளி மாதிரி ஒட்டிக்கொண்டது. ட்யூபிலிருந்துதான் இறங்கியிருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் உறையிலிருந்து பிரித்த புது ட்யூப் அது.

4:17. அட்டையை உருவிப் பார்த்தேன். வெள்ளையாக மாட்டிய அட்டை மஞ்சள் பூத்திருந்தது. நோயாளி ஜன்னலே திறக்காமல் படுத்துக்கிடந்த அறையின் நாற்றம் அடித்தது.

அப்போது காற்றுக்குழாய் வழியாக மேலேயிருந்து குழந்தையின் குரல் இறங்கியது.

"அம்மா... மூஞ்சிக்கு நேரா யாரோ மூச்சு விடறாங்க."

"அது ஃபர்னஸ் காத்துடா கண்ணு."

"இல்ல. நாறுது."

அந்தத் தண்ணீரைத்தான் வீட்டுக் காற்றில் கலந்து அந்தக் குழந்தையின் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஃபர்னஸ் சுவிட்சை அணைத்தேன். ஒயர் இரண்டையும் பிடுங்கினேன். 4:23.

டக்.

பிடுங்கிய ஒயரில் என் வோல்ட் மீட்டரை வைத்தேன். பூஜ்யம்.

டக்... டக்...

வால்வு திறந்து மூடியது. மின்சாரமே இல்லாமல். நாலு நொடிக்கு ஒரு தடவை. அதற்கேற்ப, ஊதாத காற்றுக்குழாயின் தகரம் உப்பியது. ஒடுங்கியது.

குழாய் வால்வை இறுக்கி மூடினேன். நிற்கவில்லை.

ரம்பத்தை எடுத்துக் குழாயையே அறுத்தேன். 4:41.

இரண்டாகப் பிரிந்தது.

உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த துருதான் கொட்டியது.

பெட்டியில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

டக்...

பெட்டியை ஆணியோடு பிடுங்கினேன். மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறி ஓடினேன். சட்டையெல்லாம் அந்த வெதுவெதுப்பு. வாசலுக்கு வெளியே வீசினேன்.

மைனஸ் முப்பது டிகிரி குளிரில், கொதிக்கிற காபியைப் பனியில் கொட்டினாலும் நிமிஷத்தில் உறையும். அந்தத் தண்ணீர் உறையவில்லை.

காபியும் பேரீச்சம்பழமும் அங்கேயே வெளியே வந்தன.

"என்னாச்சு ரோலண்ட்?"

"இன்னைக்கு இங்க படுக்காதீங்க. குழந்தையைத் தூக்கிட்டுக் கெளம்புங்க. எதுவும் கேக்காதீங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். 5:10-க்கு இரண்டு பேரையும் அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டேன். காலுறையைப் பாதி வழியிலேயே ஜன்னல் வழியாக எறிந்திருந்தேன்.

மறுநாள் காலை என் நண்பன் டுவேனை அங்கே அனுப்பினேன். அவன் பிளம்பர். மத்தியானம் போன் செய்தான்.

"யோவ் ரோலண்ட், எந்தக் குருட்டுப்பய இந்தக் குழாயில ஓட்டை போட்டான்?"

"நான்தான்."

"இது கிணத்துத் தண்ணிக் குழாயே இல்லய்யா. சுவத்துக்கு அந்தப்பக்கம் பழைய மழைத்தொட்டிக்குப் போவுது."

"அப்ப அது மழைத்தண்ணியா?"

"ஏது தண்ணி? மூடியத் தொறந்து பாத்தேன். விளிம்பு வரைக்கும் மணலைப் போட்டு ரொப்பி வச்சிருக்காங்க. காஞ்ச மணல். என் தாத்தா காலத்து வேலை."

மார்ச் மாதம் பிரிட்டா போன் செய்தாள். அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப் போகவே இல்லை. சிக்ரிட்டுக்கு மூக்கில் ரத்தம் நின்றுவிட்டதாம். ஆனால் இருமல். பரிசோதனை செய்து பார்த்தால் காசநோய். மாத்திரையில் குணமாகிவிடுமாம், பல மாதம் ஆகுமாம். குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதித்தார்களாம். வேறு யாருக்கும் இல்லையாம்.

"அது மூச்சுலேர்ந்துதான் ஒட்டுமாம் ரோலண்ட். வீட்டுல இருமுறவங்க யாரு, யார் மூச்சு குழந்தை மேல பட்டுச்சுன்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்கறார். நான் யாரைச் சொல்றது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

எங்கள் பக்கம் ஜனவரியில் யாராவது செத்தால் உடனே புதைக்க முடியாது. நிலம் இரும்பாக உறைந்திருக்கும். பனி இளகும் வரை உடலைக் குளிரில் வைத்திருந்து, வசந்தம் வந்ததும்தான் குழி தோண்டுவோம். மரணத்தையும் அடக்கத்தையும் சர்ச் பதிவேட்டில் தனித்தனிக் கட்டத்தில் எழுதுவது அதனால்தான். அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, டுவேனின் தாத்தா காலத்துப் பக்கங்களைப் புரட்டினேன்.

1936. அந்தக் குளிர்காலத்தில் ஏழு மரணங்கள். ஆறு பேருக்கு எதிரே மே மாதத்து அடக்கத் தேதி இருந்தது. ஏழாவது பெயர் மார்கிட் ஸ்டாவ்னெஸ், வயது முப்பத்தொன்று. ஊரும் பண்ணையும் ஹாக்டால் வீட்டினுடையவை. ஜனவரி பதினேழு. காசநோய்.

அவளுடைய அடக்கத் தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. காய்ந்த மணல் ரொப்பிய அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

பிரிட்டாவை நான் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.