அருள்செல்வி திரும்பிக்கொள்ளும் சுவர்

"அடிச்சிட்டியா நைனா? திரும்பட்டா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்கிறார் அருள்செல்வி. சேக்காட்டில் பத்துக்குப் பத்து கடை. டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் வாங்கித் தருவார், ஆன்லைனில் டெண்டர் போட்டுத் தருவார். வாடிக்கையாளர் பின் நம்பரைத் தட்டும்போது மட்டும் பட்டென்று திரும்பிவிடுவார். அங்கே போன வருஷத்துக் காலண்டர் தொங்குகிறது. பார்க்க ஏதாவது வேண்டுமே என்று கழற்றவில்லையாம். சிலர் நம்பரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார்கள். அப்போது சர்ச் பாட்டொன்றை உரக்கப் பாடுவார். குரல் சுமார்தான்.

பென் டிரைவ் மாதிரி இருக்கும் டோக்கனை, "நீயே வெச்சிக்கோக்கா, பின் நம்பரையும் சொல்லிடறேன்" என்று நீட்டாத ஆளே இல்லை. இவரிடம் அது நடக்காது.

"இதுக்குள்ள ஒரு சாவி கீது, வெளிய வராது. அத்தோட ஜோடிச் சாவி ஊருக்கே தெரியும். நீ இத்தால போட்ட கையெழுத்த, அந்த ஜோடிய வெச்சி யாரு வேணா சரி பாக்கலாம். அந்த ஜோடி உன்னுதுதான்னு சர்டிபிகேட் குடுத்துகீறாங்க. நீ பின் நம்பர தூக்கி என் கைல குடுத்தா, அப்புறம் அதுக்கு இன்னா மரியாத?"

போன செவ்வாய்க்கிழமை சோதனை சொந்த வீட்டிலிருந்தே வந்தது. கணவர் ஜெயபால் சின்ன கான்ட்ராக்டர். இரண்டு மாதமாகக் கையில் வேலை இல்லை. கோவில்பதாகை மழைநீர்க் கால்வாய் டெண்டர் மூன்று மணிக்கு மூடுகிறது. காகிதமெல்லாம் ஏற்றியாயிற்று, அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. மனிதர் டோக்கனை மனைவியின் கடையில் மறந்துவிட்டு வேலப்பன்சாவடிக்குப் போயிருந்தார். இரண்டே காலுக்குப் போன் வந்தது.

"நீயே போட்டுடு செல்வி. பின் நம்பரு இன்னான்னா..."

"சொல்லாத! வண்டிய எடு."

"என் பொண்டாட்டிதானே நீ?"

"பொண்டாட்டிதான்யா. ஆனா நான் நீ இல்லியே."

போனை வைத்தார். தன் பிடிவாதத்தால் வேலை கைநழுவிப் போனால் யார் முகத்தில் விழிப்பது? டோக்கனைச் செருகி, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தார். வாங்கிவைத்த டீ ஆறிப்போனது.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஜெயபால் தலையில் ஹெல்மெட்டோடு ஓடிவந்து உட்கார்ந்தார். அவசரமாகப் பின் நம்பரைத் தட்டினார். முதல் தடவை தப்பாகப் போனது. அடுத்த தடவை ஒவ்வொரு எண்ணாக முணுமுணுத்தபடி தட்டினார்.

அருள்செல்வி காலண்டர் பக்கம் திரும்பி, அந்த சர்ச் பாட்டை உரக்க எடுத்தார்.

"போயிட்ச்சி செல்வி! ஏத்துக்கிச்சி!"

பாட்டு நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "திரும்பட்டா?"