கலைக்களஞ்சியத்துக்கு ஒரு ஈ

நான் பெரம்பலூரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். என்னைத் தூரத்தில் பார்த்தாலே ஆட்கள் கையை வீசுவார்கள். வணக்கம் சொல்ல அல்ல, விரட்ட. அதனாலோ என்னவோ, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் வீட்டு ஈ பற்றிய தமிழ்க் கட்டுரையைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஈ தன் கால்களைத் தேய்ப்பதாக அறியப்படுகிறது’ என்று போட்டிருந்தது. யாரால் அறியப்படுகிறது? படத்தில் இருந்தது வீட்டு ஈயே அல்ல. குப்பைமேட்டில் பச்சையாக மின்னுமே, அது.

உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். ஈ காலால் ருசி பார்க்கும்; கெட்டியான பண்டத்தின் மேல் எச்சிலைக் கக்கிக் கரைத்து உறிஞ்சும்; கால்களைத் தேய்ப்பது சுத்தம் செய்துகொள்ள. எல்லாவற்றுக்கும் நூலகத்துப் புத்தகங்களை ஆதாரம் காட்டினேன். நானும் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தேய்ப்பேன். அதை எழுதவில்லை. ஆதாரம் கிடைக்கவில்லை.

மிச்சம் படம்தான். என் மனைவி இருக்கிற வீட்டில் ஈ தங்காது. அவள் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கைக்கு வந்த எவர்சில்வர் தட்டை எடுத்து, எறையூர்ப் பக்கம் வாங்கிய வெல்லத்தை நசுக்கி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டேன். விருந்தாளி வந்தது. முதுகின் நான்கு கருங்கோடும் தெரிகிற மாதிரி படம் விழுந்தது. பெருமை தாங்காமல் கட்டுரையில் ஏற்றினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

சாயங்காலம் ஆண்டிமடத்திலிருந்து மனைவியின் அண்ணன் போன் செய்தார். முந்திரி வியாபாரி.

“மாப்ள, ஈ நல்லா வந்துருக்கு.”

“தேங்க்ஸ் மச்சான்.”

“அது எதுமேல உக்காந்துருக்குன்னு பாத்தீங்களா?”

பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீர்த்தட்டு. எங்கள் பக்கம் பாத்திரம் கொடுத்தால், கொடுத்தவர் பெயரையும் ஊரையும் அதில் வெட்டித்தான் கொடுப்பார்கள். ஈயின் தலைக்கு முன்னால் அவர் பெயர், இறக்கைக்குப் பின்னால் ஆண்டிமடம். ஈக்கு ஆதார் கார்டு எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

“ஸ்வீட் கடைக்காரங்கல்லாம் எங்கிட்டதான் முந்திரி வாங்குறாங்க மாப்ள. ஒருத்தன் பாத்தா போதும், ‘ஈ எப்பிடிண்ணே இருக்கு, கிலோ என்ன வெல’ன்னு ஆரம்பிச்சிருவான். ஞாயித்துக்கெழம புதுவூட்டுக்குக் குடிபோறோம். ஊரே வருது. அந்தப் படத்த எடுத்துடுங்க.”

கோயிலிலிருந்து வந்த மனைவி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “எங்கண்ணன் பேர்ல போயி ஈய ஒட்டிவச்சிருக்கீங்களே! நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க நிக்கிறது? படம் மாறுற வரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க.”

பெயரை மட்டும் வெட்டப் பார்த்தேன். ஈயின் காலும் சேர்ந்து போனது. படத்தையே கட்டுரையிலிருந்து நீக்கினேன்; கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் தன்னார்வலர் ஒருவர், ‘நல்ல படம், காரணமில்லாமல் நீக்க வேண்டாம். இதைவிட நல்லது இருந்தால் மாற்றுங்கள்’ என்று எழுதியிருந்தார். மச்சானுக்குக் கோபம் என்று காரணம் சொல்லலாம். ஆதாரம் கேட்பாரே.

வேறு படம் எடுக்கலாம் என்றால் பெயரில்லாத பாத்திரம் வேண்டும். டம்ளரில் பெரியப்பா, கிண்ணத்தில் அவள் சித்தி, தாம்பாளத்தில் எதிர்வீட்டுக்காரர். யாரை ஈக்குக் கொடுப்பது? ஒரு பீங்கான் தட்டைக் கண்டுபிடித்தேன். ஆனால் மனைவி ஜன்னல்களைச் சாத்திவிட்டு வீடு முழுக்கப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தாள். ஈ என்ன, நானே உள்ளே இருக்க முடியவில்லை.

வேறு ஈ கிடைத்தால்தான் படம் மாறும் என்று மச்சானுக்குப் போனில் சொல்லிவைத்தேன். அப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆண்டிமடத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் வடை, அப்பளம், பாயசம். பாயசத்தைத் தேடி ஒரு ஈ வந்தது. மெதுவாகப் போனை எடுத்தேன். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மச்சான் அப்படியே நின்றுவிட்டார்.

“வந்துருச்சா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“அசையாதீங்க மச்சான்.”

பக்கத்து இலையில் இருந்த பெரியவர் ஈயை விரட்டக் கையை ஓங்கினார். மச்சான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

“சித்தப்பா, வெரட்டாதீங்க. அது இருக்கட்டும்.”

“ஏண்டா, அதுக்கும் பத்திரிகை வச்சியா?”

“ஆமா, மொத பத்திரிகையே அதுக்குத்தான். யாருப்பா அங்க, ஃபேன நிறுத்து!”

ஃபேன் நின்றது. பந்தியே வேர்த்து வழிய என் இலையைப் பார்த்தது. ஈ நிதானமாக நடந்து, பாயசத்தில் மிதந்த முந்திரியின் மேல் ஏறி நின்றது.

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயையோ, முந்திரி மேல வேணாம் மாப்ள! அங்கேருந்து கெளப்புங்க. வடை மேல உக்காரட்டும்.”

மெல்ல ஊதினேன். அது எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, வடையின் ஓட்டையோரம் இறங்கி, முன்னங்கால்களைத் தேய்த்தது. படம் எடுத்துவிட்டேன். அங்கேயே ஏற்றினேன். பாயசம் ஆறுவதற்குள் தன்னார்வலர், ‘முந்தையதைவிடத் தெளிவு’ என்று ஏற்றுக்கொண்டார். மனைவி போனை வாங்கி நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்த்துவைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் தொடங்கினாள். மச்சான் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

கை கழுவப் போன இடத்தில் சமையல்காரர் வழிமறித்தார். தோளில் துண்டு, கையில் ஜல்லிக்கரண்டி.

“ஏன் சார், உங்களுக்கு என் வடைதான் கெடச்சுதா? பக்கத்துலயே அப்பளம் இருந்துச்சுல்ல? அது கடையில வாங்குனது.”