பின்பக்கமாக வந்தவர்

ஹின்க்கே போஸ்மா இருபத்தேழு வருடங்களாக நெதர்லாந்தின் அந்த ஃப்ரீஸ்லாந்து கிராமத்துக்குத் தபால் போடுகிறாள். எந்த வீட்டுக்கு வக்கீல் கடிதம் வருகிறது, யாருக்கு ஸ்பெயினிலிருந்து வாழ்த்து அட்டை வருகிறது, எல்லாம் தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. விளம்பரத் தாள் பிடிக்காதவர்கள் தபால் பெட்டியில் 'வேண்டாம்' என்று விரலளவு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். மழையில் எழுத்து அழிந்து வெறும் கறையாகிப் போனாலும் அந்தப் பெட்டியில் அவள் விளம்பரம் போடமாட்டாள்.

ஊரின் ஸ்கேட்டிங் சங்கத்துக்கும் அவள்தான் செயலாளர். குளிர் இறுகினால் விடிவதற்குள் துளைக்கருவியோடு போய் ஏரியின் பனிக்கட்டியை அளப்பாள். எத்தனை சென்டிமீட்டர், இறங்கலாமா கூடாதா என்று சங்கத்தின் இணையதளத்தில் அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் சறுக்கு ஷூவைத் தேடும். அந்தத் தளத்தை இந்த வருடம் ஆம்ஸ்டர்டாம் நிறுவனம் ஒன்று இலவசமாகப் புதுப்பித்துக் கொடுத்தது. இலவசம் என்றதும் தலைவர் வீபே படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐம்பது மாடு வைத்திருப்பவர், படிக்க நேரமில்லை.

முதல் உறைபனி விழுந்த காலையில் ஹின்க்கே தளத்தைத் திறந்தாள். திரையை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு நின்றது. உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம். நாங்களும் எங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு கூட்டாளிகளும். கீழே பச்சையில் பெரிதாக 'சம்மதம்'. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. சாம்பல் நிறத்தில் பொடியாக இருந்த 'விருப்பங்கள்' என்பதை அழுத்தினாள். வருகிறவர்களின் நடமாட்டத்தைக் குறித்துக்கொள்ளும் குக்கீகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனாள். காபி ஆறிப் போயிற்று. முடித்த பிறகுதான் 'நியாயமான நலன்' என்ற பெயரில், சம்மதம் கேட்காமலே, அதே கூட்டாளிகள் இன்னொரு பட்டியலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

அவள் தேடிப் போனபோது வீபே தொழுவத்தில் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அதுல என்னம்மா இருக்கு? பச்சையை ஒரு தட்டு தட்டினா போயிடுது."

அது போகாவிட்டால் தான் போய்விடுவதாக ஹின்க்கே சொன்னாள். தன் பேச்சை நம்பி வருகிறவர்களைத் தளம் வேவு பார்க்கிறது. அதில் இனி தன் கையால் ஒரு எழுத்தும் எழுதமுடியாது. ஆனாலும் அந்தத் துளைக்கருவியை வேறு யார் கையிலும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீபே சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு விடுவோம், நிறுவனத்து ஆளும் வரட்டும் என்றார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மதியம். மழையில் சறுக்கிக்கொண்டு வந்தவர்களைச் சங்கக் கட்டட வாசலில் ஒரு மேசையும் பலகையும் வரவேற்றன. 'உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம்.' யாரோடு வந்தீர்கள், வழியில் எங்கே நின்றீர்கள் என்பதைக் கூட்டாளிகளிடம் சொல்வோம். சம்மதம் என்றால் இந்தக் கதவு. பலகையின் மூலையில் சாம்பல் பென்சிலால் 'விருப்பங்கள்', ஓர் அம்புக்குறி. அம்பு வாய்க்கால் ஓரமாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனது. அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ரோம்மர்ட் குடையோடு நின்றார். கையில் பதினான்கு கேள்விகள், எல்லாவற்றுக்கும் 'சரி' என்று முன்னதாகவே டிக் போட்டு.

உள்ளேயிருந்து பட்டாணி சூப் மணத்தது. ஹின்க்கேயின் கூத்து இது என்று சிரித்துக்கொண்டே ஊரார் எல்லோரும் சம்மதம் சொன்னார்கள், மேசையில் அவள் கேட்டு எழுதிக்கொண்டதற்குப் பதிலும் சொன்னார்கள்.

நிறுவனத்து ஆள் யோரிஸ் கடைசியாக வந்திருந்தான். நல்ல பிள்ளை, நன்றாகவும் பேசினான். உறுப்பினர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தாங்களாகவே சம்மதம் தந்திருக்கிறார்கள், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றான்.

ஹின்க்கே எழுந்தாள். "இன்னைக்கும் அப்படித்தான். நாற்பத்தொன்பது பேர் வந்தாங்க, நாற்பத்தெட்டு பேர் சம்மதம்." தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். ரொட்டிக்கடை சிப்கே பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அணைக்கட்டு மதுக்கடையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்.

"அதை ஏன் இங்க வாசிக்கிறே?" என்றார் சிப்கே. அவர் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

"நீங்கதானே சம்மதம் சொன்னீங்க."

"சூப் ஆறிடும்னு சொன்னேன். படிச்சா சொன்னேன்?"

கூடம் கலகலத்தது, சிலர் அவசரமாகத் தங்கள் வரியை அடிக்கச் சொன்னார்கள். அப்போது வீபே கேட்டார், சம்மதம் சொல்லாத அந்த ஒருத்தர் யார் என்று.

ரோம்மர்ட் பின்னாலிருந்து கையை நீட்டினார். "இந்தத் தம்பிதான். பதினாலையும் அடிச்சுட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாரு. அங்க இருந்த 'நியாயமான நல'னையும் விடலே."

யோரிஸின் கால்சட்டை முழங்கால் வரை வாய்க்கால் சேறு. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"பழக்கம்," என்றான் அவன், காது சிவந்து. "இந்த மாதிரி எதுக்கும் நான் சம்மதம் கொடுக்கிறதில்லைங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிப்கேயின் மனைவிதான் முதலில் நிறுத்தினாள், ஓட்டெடுக்கச் சொன்னாள். அறிவிப்பு போகட்டும், தளமும் போகட்டும், ஹின்க்கே இருக்கட்டும் என்பவர்கள் கைதூக்கினார்கள். வீபே விரல்விட்டு எண்ணினார். நாற்பத்தைந்து. எதிராக நான்கு. ஹின்க்கே குறித்துக்கொண்டாள், பிறகு பேனாவை நிறுத்தினாள். வாசல் கணக்கில் உறுப்பினர்கள் நாற்பத்தெட்டுப் பேர்தான், மொத்தம் ஒன்று அதிகமாக இருந்தது. அவளோ ரோம்மர்ட்டோ வீபேயோ கைதூக்கவில்லை.

'போகட்டும்' என்றவர்களை மறுபடி கைதூக்கச் சொல்லி, வீபே எண்ணிக்கொண்டே போய், முன்வரிசையில் நின்றார்.

"தம்பி, கையைக் கீழே போடுங்க. உங்களுக்கு ஓட்டு கிடையாது."