பெயரில்லாத கிரீம்

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவர்கள் எல்லோரும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று வகுப்பு டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அட்டை ஆயுசுக்கும் கூடவே வரும் என்று அவர் பெருமையாகச் சொன்னார். என் நெற்றியிலிருந்து தாடை வரை பரு. இந்த முகமா ஆயுசுக்கும் கூட வரப்போகிறது?

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தாள். அவளைப் பொறுத்தவரை எல்லாம் உடம்புச் சூடு. சனிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து முழுகவைத்தாள், கருவாட்டை நிறுத்தினாள், முகத்தில் மஞ்சள் அரைத்துப் பூசினாள். பரு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். சித்திரை லீவுக்கு வந்தவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்துத் தந்தாள். மேலே பெயர், முகவரி ஒன்றுமில்லை. கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் பூசுவதுதானாம். அம்மாவுக்குக் கடைக் கிரீம் என்றாலே ஆகாது, அதனால் சொல்லாதே என்றாள்.

ஒரே கிழமையில், ஏழெட்டு நாளுக்குள், பரு அடங்கியது. முகம் வெளுத்தது. மஞ்சள்தான் வேலை செய்திருக்கிறது என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் ஆமாம் என்றேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு வெயிலில் நின்றால் கன்னம் மிளகாய் பட்டதுபோல எரிந்தது. ஒருநாள் பூசாவிட்டால் முகமே சிவந்தது. பயத்தில் இன்னும் கொஞ்சம் கூடப் பூசினேன். சிவந்த தோலுக்கு மேல் பொடிப்பொடியாகப் பரு கிளம்பியது. முன்பு இருந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. படம் எடுக்க இன்னும் இருபது நாள்கூட இல்லை. வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அம்மா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தோல் கிளினிக்கில் இருந்த லேடி டொக்டர், முகத்துக்கு என்ன பூசினேன் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். அம்மாவும் தலையாட்டினாள். டொக்டர் என் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மஞ்சள் இப்படிச் செய்யாதும்மா. நான் ஏச மாட்டேன், சொல்லுங்க."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

டொக்டர் அவளுக்கும் சேர்த்து விளக்கினார். இந்த வயதில் தோலுக்கடியில் எண்ணெய் கூடுதலாகச் சுரக்கிறது, துவாரம் அடைபட்டுப் பரு வருகிறது, அழுக்கும் இல்லை சூடும் இல்லை என்றார். அந்த டப்பாவில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், பூசும்வரை அமுக்கிவைத்துவிட்டுத் தோலைத்தான் கெடுக்கும் என்றார். இரவில் மெல்லியதாகப் பூச ஒரு மருந்தும், சாப்பிட்ட பிறகு போட மாத்திரையும் எழுதினார். பருவைக் கிள்ளக் கூடாது. குணமாக மாதக் கணக்காகும்.

"அந்தக் கிரீமை நிறுத்தினா மொதல் ரெண்டு மூணு கெழமை இதவிட மோசமாத்தான் இருக்கும். பயந்துபோய்த் திரும்பப் பூசிடாதீங்க."

அவர் சொன்னபடியே ஆனது. முகம் வீங்கி நீர் கசிந்தது. அம்மா வேலைவிட்டு வந்ததும் ஈரத்துணியை முகத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். டப்பாவை அவள்தான் குப்பைக் குழியில் புதைத்தாள். இல்லாவிட்டால் எத்தனையோ தடவை எடுத்துப் பூசியிருப்பேன். படம் எடுக்கும் நாள் அந்த மூன்று கிழமைக்கு நடுவில் வந்தது. படத்தைக் கொஞ்சம் திருத்தித் தரமுடியுமா என்று ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சினேன். அடையாள அட்டைப் படத்தில் கைவைக்கக் கூடாது என்றுவிட்டார்.

தீபாவளிக்குள் முகம் தேறிவிட்டது. இரண்டு தழும்புதான் மிச்சம். சித்தி லீவில் வந்தாள். பட்டதையெல்லாம் கோபத்தோடு அவளிடம் கொட்டினேன். மன்னிச்சுக்க என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் முகம் கழுவும்போது பார்த்தேன். பவுடர் போன இடமெல்லாம் தோல் சிவந்து, நரம்பு தெரிந்தது.

"நீங்களும் விட்டுருங்க சித்தி. மூணு கெழமைதான்."

அவள் துவாயால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "மூணு கெழமை அந்த மூஞ்சோட யாருடி என்னயக் கடையில நிக்கவிடுவா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. நானே தாங்கினேன், பெரிய மனுஷிக்கு முடியவில்லையா, வெள்ளையாக இருக்கும் ஆசை விடவில்லை என்று நினைத்தேன். எனக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ள ஒரு வீடும், துணி நனைத்துப் போட ஓர் ஆளும் இருந்ததால்தான் தாங்கினேன் என்பது அந்தக் காலையில் எனக்குத் தோன்றவேயில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு, அவளுக்காக நிற்காமல், முன்னால் நடந்தேன்.