எலுமிச்சைக்குப் பூசிய நீலம்

என் மாமியாருக்குப் பிள்ளை ஒன்று, எலுமிச்சை மரம் ஒன்று. இரண்டின் மேலும் என் கை படக்கூடாது அவளுக்கு. அறுபதுகளின் தொடக்கத்தில் சிதம்பரத்திலிருந்து செம்மண்டலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மறு வருஷமே மரத்தில் இலை மஞ்சளடித்து, நுனிக்கிளைகள் காய ஆரம்பித்தன. பழி யார் தலையில் விழும்?

"தீட்டோட கொல்லையில குந்தி நெழல உட்டிருக்கா. மரம் பட்டுப்போச்சுன்னா இவளுக்கு இந்த வூட்டுல எடம் கெடையாது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். விலக்கான நாள்களில் என்னைக் கொல்லையில் உட்காரவைத்ததே அவள்தான். நல்ல நியாயம்!

மரத்துக்கு என்ன என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அப்பா வீட்டில் நாரத்தையும் எலுமிச்சையும் உண்டு. அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் மாமியார் அதன் அடியில்தான் கொட்டுவாள். போதாததற்குத் தண்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணும் சாம்பலும். உரமாம்! உள்ளே பட்டை அழுகி, வெடிப்பில் பிசின் வடிந்தது. சொன்னேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கரண்டியை வீசினாள்.

அவள் ஒரு சாவுக்குத் திட்டக்குடி போன அன்று, வீட்டுக்காரரை விரட்டி, அழுகலுக்குப் பூசும் நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கிவரச் செய்தேன். குவித்த மண்ணை விலக்கி, அழுகல் போய்ப் பச்சை தெரியும்வரை பட்டையைச் சுரண்டினேன். வாங்கியதை மண்சட்டியில் குழைத்துத் தண்டில் பூசினேன். சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். விரலெல்லாம் நீலம். கழுநீர் தென்னைக்கு ஓட வாய்க்காலும் வெட்டினோம்.

திரும்பி வந்தவள் மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, மரத்துக்கு வெசம் வெச்சிட்டாளே!" அவர் நீல விரல்களை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். "மரம் துளுக்கட்டும், அப்பறம் வரட்டும் இவ" என்று அன்றே என்னைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

துளிர்க்காமல் எங்கே போகும்? என் கையால் பூசியதாயிற்றே! அந்த ஒரு நம்பிக்கையில்தான் அப்பா வீட்டில் கிடந்தேன்.

அடுத்த கோடையில் அவர் வந்தார். பை நிறைய எலுமிச்சை, தோல் மினுமினுவென்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. துணிகளைப் பெட்டியில் வைக்க உள்ளே ஓடினேன்.

"இரு, இரு" என்றார். "நீ இங்க வந்த பொறவுதான் மரம் துளுத்துச்சாம். உன் நெழல் ஆவலைன்னு அம்மா சொல்லுது. நீ இங்கயே இருந்துக்க."

"சட்டியப் புடிச்சது யாருங்க?"

"அத எப்பிடி அம்மாகிட்ட சொல்றது?"

"ஏன், வாய் இல்லையா உங்களுக்கு?"

என் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பாவி மனுஷன், வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். என்னைக் கூப்பிடத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"பைய மட்டும் குடு. அம்மா தேடும்."

காய்களைத் தரையில் கொட்டிவிட்டுப் பையை உதறி அவரிடம் கொடுத்தேன்.