சுந்தரியின் வெள்ளைக் காரும் சிவப்புச் சக்களத்தியும்

சுந்தரி தன் வீட்டுச் சக்களத்தி என்று சொல்வது ஒரு காரை. பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே சீட்டு. தோல் கம்பெனி மெக்கானிக்கான அவள் புருஷன் தேவசகாயம், முதலாளி கழித்துவிட்டதை ஆசை ஆசையாக வாங்கி வந்தார். அதைத் துடைக்கிற துடைப்பு இருக்கிறதே, அடேயப்பா! கட்டின பெண்டாட்டிக்குக்கூட அந்தப் பவிசு கிடையாது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான சுந்தரி போன வருஷம் சின்ன வெள்ளைக் கார் ஒன்று வாங்கினாள். ஏசி உண்டு, பின்னால் பார்க்கக் கேமரா உண்டு, சாவியைத் திருப்பினால் சத்தமில்லாமல் கிளம்பும். இருக்கிறதோ ஒரே வண்டி நிற்கிற ஷெட்டு; அதில் வெள்ளை ஏறியதும் சிவப்பு வாசலுக்கு வந்துவிட்டது.

"மழைக்கு முன்னாடி உங்க சிவப்பிய வித்து அனுப்பிடுங்க," என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய கார் வாங்கி விற்கிற வேலூர் நசீர் அகமது வந்து வண்டியைப் பார்ப்பதாகப் பேச்சு.

அன்றைக்குக் காலையில் பள்ளிகொண்டாவில் சொந்தக்காரர் கல்யாணம். மாமியார், நாத்தனார், அவள் பிள்ளைகள், சீர்த்தட்டு எல்லாம் ஏறியதும் வெள்ளைக் கார் நிறைந்துவிட்டது. "நீ அப்பாகூட வாம்மா," என்று மகன் ஜான்சன் ஓட்டிக்கொண்டு போயே போய்ட்டான்.

வேறு வழி? முணுமுணுத்தபடி சிவப்பில் உட்கார்ந்தாள். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. லாரிச் சக்கரம் காதோரம் உருண்டது. "ஏசப்பா!" என்று கத்தினாள். கொண்டை அவிழ்ந்து பறந்தது. மாதனூர் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கி நின்றேவிட்டது.

"சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்," என்றார் தேவசகாயம் பயந்துகொண்டே.

பக்கத்துக் கடையில் டீ குடித்தார்கள். பின்சீட்டில் அழ ஆளில்லை, ஏசியைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து தாங்கள் ரெண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவிழ்ந்த அவள் கொண்டையைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னாங்க, இப்பிடிக்கூட சிரிப்பீங்களா?"

"நீ எங்க எம் பக்கத்துல உக்காந்த, இதெல்லாம் பாக்குறதுக்கு?"

சாயங்காலம் நசீர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலையைக் குறைக்க நினைத்தவர், "இன்னாக்கா இது, ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாதே," என்று உதட்டைப் பிதுக்கினார்.

"அதனாலதான் பாய் குடுக்கறதா இல்ல," என்றாள் சுந்தரி.

தேவசகாயம் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "டேய் ஜான்சன், வெள்ளை வண்டிய வெளிய எடுத்துப் போடு. மழை வர்ற மாதிரி இருக்குது, ஷெட்டுல அப்பா வண்டி நிக்கட்டும்."